பெருமை மேலே போகும், பழி கீழே வரும்

1

லியோ டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' பெரிய இடத்துக் கதை. பிரபுக்கள், இளவரசிகள், விருந்து, நடனம், வேட்டை, நெப்போலியன், ஜார் சக்கரவர்த்தி. டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் அது தமிழுக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 'பண்ணையார் எழுதுன பண்ணையார் கதைதானே, அதுல நமக்கு என்ன இருக்கு?' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861ல். நாவல் வெளியானது 1865க்கும் 1869க்கும் இடையில். கதை தொடங்குவதோ 1805ல். குடியானவர்களை நிலத்தோடு சேர்த்துச் சொத்தாக எண்ணிய காலம். எழுதியவரும் நிலக்கிழார். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: விருதுநகர் மாவட்டத்துச் சேரியில் பிறந்த ஒருவர் இந்த நாவலைப் படித்தே ஆக வேண்டும். படித்துவிட்டு டால்ஸ்டாயோடு சண்டையும் போட வேண்டும்.

காரணம், அந்த நாவல் தலை முதல் கால் வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய காரியம் நடக்கிறது. அதை நடத்தியது யார்? லட்சக்கணக்கான ஆட்கள் நடந்து போய், சுட்டு, சுடப்பட்டுச் சாகிறார்கள். புத்தகத்திலோ 'நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்தான்' என்று ஒரு வரி இருக்கிறது. இந்த ஒரு வரி எப்படி உண்மையாகும் என்று டால்ஸ்டாய் கேட்கிறார்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது பண்டிதர் கேள்வி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படுகிற முதல் தகவல் அறிக்கையின் கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பத்திரிகையில் வருகிற வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம்: மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம். உராய்ந்தது எது? மருந்து. உராயவிட்டது எது? ஒரு கை. அந்தக் கை எங்கே? கரிந்துபோச்சு. இத்தோடு காரணம் முடிந்துவிடுகிறது.

பெருமை வரும்போது மேலே இருக்கிறவனைக் காரணம் என்கிறார்கள். பழி வரும்போது கீழே இருக்கிறவனைக் காரணம் என்கிறார்கள். வரலாற்றுப் புத்தகமும் விபத்து அறிக்கையும் ஒரே கை எழுதுகிற இரண்டு கணக்குகள். முதல் கணக்கை டால்ஸ்டாய் உடைத்துக் காட்டினார். இரண்டாவதைத் தொட்டுவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார். அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2

முதலில் அவர் உடைத்ததைப் பார்ப்போம். 1812ல் பரதினோ போர்க்களம். நெப்போலியன் உத்தரவு மேல் உத்தரவாகப் போடுகிறான். அந்த உத்தரவுகளில் ஒன்றுகூட அவன் சொன்னபடி நிறைவேறவில்லை என்று டால்ஸ்டாய் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். உத்தரவு போய்ச் சேர்வதற்குள் களம் மாறிவிடுகிறது. வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானே வண்டியை ஓட்டுவதாக நினைக்கிற குழந்தை மாதிரிதான் அவன் இருந்தான் என்கிறார். வண்டியை இழுத்தவர்கள் வேறு.

ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் எது என்பதற்கு அவர் ஆப்பிள் பழத்தை உதாரணம் காட்டுகிறார். பழுத்த ஆப்பிள் விழுகிறது. பூமி இழுத்ததா, காம்பு வாடியதா, வெயில் காய்த்ததா, காற்று அசைத்ததா, கீழே நிற்கிற பையன் தின்ன ஆசைப்பட்டானா? எந்த ஒன்றும் தனியாகக் காரணம் இல்லை, எல்லாம் சேர்ந்துதான் என்கிறார்.

நாவல் முடிந்தபிறகு வருகிற இரண்டாவது பின்னுரையில் இன்னொரு படம் வரைகிறார். படை என்பது ஒரு கூம்பு. அடியில் அகலமாக இருப்பவர்கள் சிப்பாய்கள். சுடுவதும் குத்துவதும் எரிப்பதும் அவர்கள்தான். ஆனால் யாருக்கும் உத்தரவு போடமாட்டார்கள். மேலே போகப் போக ஆள் குறையும், கைவேலை குறையும், உத்தரவு கூடும். உச்சியில் ஒரே ஒருவன். அவன் ஆயுதத்தையே தொடமாட்டான், உத்தரவு மட்டும் போடுவான்.

சாதியின் அமைப்பைப் பற்றி அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்தவர்களுக்கு இந்தக் கூம்பு புதிதாகத் தெரியாது. மேலே ஏற ஏற மரியாதை, கீழே இறங்க இறங்க இழிவு என்று அவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: மேலே ஏற ஏறக் கை சுத்தமாகிறது, கீழே இறங்க இறங்கக் கையில் வேலையின் கறை ஒட்டுகிறது.

3

சிவகாசியின் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? 1922ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஊர் வளர்ந்தது. பிறகு இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வாணவேடிக்கைச் சரக்கு வருவது நின்றபோது இங்கே பட்டாசுத் தொழில் நிலைகொண்டது. அச்சுத் தொழிலும் சேர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வந்தது. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்தப் பகுதியில் செய்ததுதான் என்கிறார்கள்.

அந்த இரண்டு பேரின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. அவர்கள் பிறந்த சமூகமும் லேசில் மேலே வந்ததல்ல. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றவர்கள். 1899 ஜூன் 6 அன்று சிவகாசியில் அவர்களுடைய தெருக்கள் தாக்கப்பட்டன. மகமை வசூலித்து, பள்ளிக்கூடம் கட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தக் கூட்டு முயற்சியைத் தலித்துகள் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஆனால் கதை இரண்டு பேரோடு நின்றுவிடுகிறதே, அதுதான் கோளாறு. மழை பொய்த்த கரிசல் மண் அந்தக் கதையில் இல்லை. மானாவாரியில் பருத்தியும் கம்பும் வராமல்போன வருசங்களில், வெள்ளன எழுந்து ஆபீஸ் வண்டியில் ஏறிய பொம்பளைகள் இல்லை. (எங்கள் பக்கத்தில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்.) குழாய் உருட்டியவர்கள், திரி வைத்தவர்கள், மருந்து அலசியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள் இல்லை. பல சாதிக்காரர்களும் அந்த வண்டியில் ஏறினார்கள். நம்ம சனம் நிறைய ஏறியது. கல்கத்தாவுக்குப் போன ரயிலைப் பற்றிச் சொல்வார்கள். கிராமத்துக்கு வந்த வண்டியைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். டால்ஸ்டாய் இருந்தால் கேட்டிருப்பார்: கயிற்றைப் பிடித்தவன் பெயரைச் சொல்லிவிட்டாய், இழுத்தது யார்?

4

நாவலில் துஷின் என்று ஒரு பீரங்கி அதிகாரி வருகிறார். சின்ன உருவம். மிடுக்கு கிடையாது. முதலில் அவரைப் பார்க்கும்போதே காலில் பூட்ஸ் இல்லாமல் நின்று மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறார். 1805ல் ஷோன்கிராபென் என்ற இடத்தில் சண்டை. நான்கு பீரங்கிகளை வைத்துக்கொண்டு துஷினும் அவருடைய ஆட்களும் எதிரியைத் தடுத்து நிறுத்துகிறார்கள். அவர்களுக்குக் காவலாக நின்ற காலாட்படை எப்போதோ போய்விட்டது. பின்வாங்கு என்று உத்தரவு சொல்ல அனுப்பப்பட்டவன் பயந்துபோய் வரவேயில்லை. வெடிமருந்துப் புகைக்குள் ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். துஷின் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு, பீரங்கிக்குச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு, சுட்டுக்கொண்டே இருக்கிறார்.

சாயங்காலம் விசாரணை. தளபதி முன்னால் துஷின் நிற்கிறார். கேள்வி ஒன்றுதான்: பீரங்கியை ஏன் விட்டுவிட்டு வந்தாய்? காவல்படை இல்லை என்று துஷின் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறொரு அதிகாரி மாட்டிக்கொள்வார் என்று வாயைத் திறக்கவில்லை. குற்றவாளி மாதிரி முழிக்கிறார். இளவரசர் ஆந்த்ரேய் அங்கே இருந்ததால் பிழைத்தார். நானே நேரில் போய்ப் பார்த்தேன், ஆளும் குதிரையும் மூன்றில் இரண்டு பங்கு செத்துக் கிடந்தது, காவலுக்கு ஒருத்தரும் இல்லை, இன்றைய வெற்றிக்கு இவரும் இவருடைய பீரங்கிகளும்தான் காரணம் என்று ஆந்த்ரேய் சொல்கிறார். சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறார்.

என் வாசிப்பில் மொத்த நாவலும் இந்த இரண்டு பக்கத்துக்குள் இருக்கிறது. வெற்றி தளபதியின் கணக்கில் ஏறியாச்சு. தொலைந்த பீரங்கி மட்டும் துஷின் கணக்கில். உத்தரவைக் கொண்டுவராதவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்க அத்தை ஒருத்தர் முப்பது வருசம் பட்டாசு ஆபீசுக்குப் போனவர். நாவல் எதுவும் அவருக்குத் தெரியாது. அவரிடம் ஒருமுறை, 'ஏன் அத்தை, உராய்வு உராய்வுங்கிறாகளே, என்னது அது?' என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'மருந்து சட்டியில கெடக்குற வரைக்கும் அது மொதலாளி மருந்துய்யா. ஒரு பிடி கொறஞ்சாலும் கணக்குக் கேப்பாக. வெடிச்சிருச்சின்னா அது எங்கையி. ரூமுக்கு நாலு பேருதான்னு சொவத்துல எழுதிருக்கும். தீவாளி நெருங்குச்சின்னா எட்டுப் பேரு இருப்போம். ஆபீசர் வாராகன்னா நாலு பேரு காட்டுக்குள்ள போயி மரத்தடியில உக்காந்துக்கிருவோம். எண்ணிக்கைக்குக் கூலி. கையி வேகமாப் போனாத்தான் வீட்டுல ஒல கொதிக்கும். வேகமாப் போகாதன்னு சட்டம் சொல்லுது. வேகமாப் போன்னு கூலி சொல்லுது. எதைக் கேக்கச் சொல்லுத?'

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதுதான் ஆப்பிள் கணக்கு. டால்ஸ்டாய்க்குப் பூமி, காம்பு, காற்று. அத்தைக்குச் சட்டி, சுவர், தீபாவளி, ஆபீசர், கூலி.

5

உராய்வு பொய் இல்லை. உண்மையிலேயே உராய்ந்துதான் மருந்து பற்றுகிறது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்தால் சின்னத் தேய்ப்பு போதும். சித்திரை வெயிலில் அதுவும் வேண்டாம். பொய் எங்கே இருக்கிறது என்றால், உண்மையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து முழு உண்மையின் இடத்தில் வைப்பதில் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்ததை மறக்க முடியாது. 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். செத்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு என்ன ஏதென்று பார்க்க, காப்பாற்ற ஓடிப்போன சுற்று வட்டாரத்து ஆட்கள். அவர்கள் எதையும் உராயவில்லை. அவர்கள் சாவுக்குக் காரணம், வைக்கக்கூடாத இடத்தில் வைக்கக்கூடாத அளவு சரக்கு குவிந்து கிடந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். ஒருவர் பெயரில் உரிமம், அறை அறையாக வேறு வேறு ஆட்களுக்கு உள்குத்தகை என்ற பேச்சு அப்போதுதான் பத்திரிகைகளில் அடிபட்டது. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது பழைய சேதி. உள்குத்தகை என்பது கூம்பில் இன்னொரு படி. உத்தரவு போடுகிறவனுக்கும் மருந்தில் கை வைக்கிறவளுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. வெடித்தால் 'இடம்தான் என்னது, வேலை அவனுது' என்று சொல்லிக்கொள்ளலாம். பல செய்திகளில் கடைசியில் கைதாகிறவர் போர்மேன். அவரும் கூலிக்காரர்தான்.

டால்ஸ்டாய் தன் பின்னுரையில் ஓர் உவமை சொல்கிறார். பனி பெய்யும் நாட்டில் ரயில் எஞ்சினுக்கு முன்னால் ஒரு துடைப்பம் கட்டியிருப்பார்கள். தண்டவாளத்தில் கிடக்கிற பனியை அது தள்ளிக்கொண்டே போகும். பெரிய காரியங்களுக்குச் சொல்லப்படுகிற நியாயங்களும் அப்படித்தான்; செய்தவர்களின் தார்மீகப் பொறுப்பை வழியிலிருந்து கூட்டித் தள்ளுவதற்காக முன்னால் கட்டப்பட்டவை என்கிறார். எங்கள் மாவட்டத்தில் அந்தத் துடைப்பத்துக்குப் பெயர் உராய்வு. தலைமுறை தலைமுறையாகத் துடைப்பத்தை நம் கையில் கொடுத்தவர்கள், செத்த பிறகும் நம் கையையே துடைப்பமாக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

இது பட்டாசோடு நிற்கிற விஷயம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள். இவ்வளவு பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. டால்ஸ்டாயின் கூம்பை இதோடு வைத்துப் பாருங்கள். உச்சியில் இருக்கிறவன் கையால் எதையும் செய்யமாட்டான் என்று அவர் சொன்னது அதிகாரத்தின் லட்சணத்தைக் காட்ட. அதே லட்சணம் இங்கே விடுதலைக்குச் சாட்சியாகிவிட்டது. கை சுத்தமாக இருக்கிறது, ஆகவே குற்றமில்லை.

6

இனி டால்ஸ்டாயோடு சண்டை.

நாவலில் போகுசாரவோ என்று ஒரு கிராமம். பிரெஞ்சுப் படை நெருங்குகிறது. பண்ணையின் இளவரசி மரியா தப்பிப் போக வேண்டும். குடியானவர்கள் வண்டியும் குதிரையும் தரமாட்டோம் என்கிறார்கள். மரியா நல்லவர். களஞ்சியத்தில் உள்ள தானியத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதற்கும் வேண்டாம் என்கிறார்கள். ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று டால்ஸ்டாய்க்குப் பிடிபடவில்லை. ஜனங்களுக்குள் ஓடுகிற ஏதோ இருட்டான நீரோட்டம் என்கிறார், வதந்தி என்கிறார். நம்ம தெருக் கிழவி யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்: எஜமான் தானாக வந்து அள்ளிக் கொடுத்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அப்புறம் நிகோலாய் ரஸ்தோவ் என்கிற இளம் படை அதிகாரி குதிரையில் வருகிறார். எதிர்த்துப் பேசியவனை அடிக்கிறார், கட்டுங்கடா என்கிறார். ஊர்த்தலைவன் திரோன் தன் இடுப்புக் கச்சையைத் தானே அவிழ்த்து, தன்னைக் கட்டுவதற்குக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் அதே குடியானவர்கள் எஜமானியின் சாமான்களைப் பதமாக எடுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். டால்ஸ்டாய் இதைக் கொஞ்சம் வேடிக்கையாக எழுதிவிட்டுப் போகிறார். ரஸ்தோவுக்கும் மரியாவுக்கும் அங்கே காதல் அரும்புகிறது. நமக்கு அந்தக் கச்சைதான் கண்ணில் நிற்கிறது. தன்னைக் கட்டுகிற கயிற்றைத் தானே எடுத்துக் கொடுக்கும்படி ஒருவனைப் பழக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? நெப்போலியனின் ஒரு ஜலதோஷத்தைப் பற்றிக்கூட ஆராய்கிறவர், இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ரஷ்ய மொழியில் அமைதிக்கு 'மீர்' என்று பெயர். ஊர்க்குடியானவர்களின் கூட்டத்துக்கும் 'மீர்' என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் எழுத்து வேறு. காதுக்கு ஒரே சொல். போருக்கு எதிர்ப்பதம் ஊர் என்று கேட்க அழகாக இருக்கிறது. நமக்கு ஊர் என்றால் நாம் இல்லாத இடம். ஊர் தனி, சேரி தனி. ஊர் அமைதியாக இருக்கிறது என்றால் சேரி வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாக இருந்த காலம் உண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல எஜமானைப் பற்றி டால்ஸ்டாய்க்கு மயக்கம் குறைவு. பியர் என்கிற பிரபு தன் அடிமைகளுக்கு நல்லது செய்யக் கிளம்புகிறார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்டச் சொல்கிறார். கைக்குழந்தைக்காரிகளைப் பண்ணை வேலைக்குக் கூப்பிடாதே என்கிறார். ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்கிறார்கள். பியருக்குத் தெரியாதது, அந்தக் கட்டடங்களுக்கு மண் சுமந்ததும் அதே அடிமைகள்தான், காகிதத்தில் குறைந்த வேலை முதுகில் கூடியிருந்தது, குழந்தைக்காரிகள் தங்கள் காட்டில் அதைவிடப் பாடுபட்டார்கள் என்பதெல்லாம். இதைப் படிக்கும்போது எனக்கு 1996 டிசம்பர் 10 ஞாபகம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், குழந்தையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாள். நல்ல உத்தரவு. ஆபீசிலிருந்து பிள்ளைகள் இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தப் போராட்டம் வீண் இல்லை. ஆனால் குழாய் உருட்டுகிற வேலையும் பெட்டி ஒட்டுகிற வேலையும் வீட்டுத் திண்ணைக்கு வந்ததையும் எங்கள் தெருக்களில் பார்த்தோம். தாயின் கூலி கூடாமல் பிள்ளையின் கையை மட்டும் எடுத்தால், பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கை திண்ணைக்கு வரும். பியரைக் கிண்டல் பண்ணத் தெரிந்த டால்ஸ்டாய் இதைப் புரிந்துகொண்டிருப்பார்.

ஆனால் கரத்தாயெவ் விஷயத்தில் அவரை விட முடியாது. பிளாத்தோன் கரத்தாயெவ் ஒரு குடியானவச் சிப்பாய், போர்க்கைதி. எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறவர். கசப்பே கிடையாது. வாயைத் திறந்தால் பழமொழி. அவரிடம்தான் பியர் வாழ்க்கையின் அர்த்தத்தைக் கற்றுக்கொள்கிறார். பிறகு கரத்தாயெவ் காய்ச்சலில் நடக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். கண்ணால் பியரைக் கூப்பிடுகிறார். பியர் பார்க்காததுபோல நடக்கிறார். வெடிச் சத்தம் கேட்கிறது. கரத்தாயெவின் நாய் ஊளையிடுகிறது. அந்த நேரத்தில் பியருக்கு, ஸ்மோலென்ஸ்க் போய்ச் சேர இன்னும் எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நிற்பது ஞாபகம் வருகிறது. மறுபடி எண்ணத் தொடங்குகிறார்.

டால்ஸ்டாய் பெரிய எழுத்தாளர் என்பதற்கு இந்த இடமே போதும். பியருக்கு அவர் சலுகை காட்டவில்லை. ஆனால் நாவல் கரத்தாயெவை ஞானியாக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கீழே இருக்கிறவன் கசப்பில்லாமல் சாவதை ஞானம் என்று கொண்டாடுவது மேலே இருக்கிறவனுக்கு வசதி. எங்கள் பக்கத்திலும் விபத்து நடந்த சாயங்காலம் நிவாரணத் தொகை அறிவிப்பு வந்துவிடும். செத்தவருக்கு இத்தனை லட்சம், காயத்துக்கு இத்தனை. அந்தப் பணம் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்கிற நிலையில் யாரும் இல்லை. ஆனால் பியரின் கட்டக் கணக்கு மாதிரி அந்தக் கணக்கு ஓடத் தொடங்கியதும் மரத்தடியில் கேட்ட சத்தம் நின்றுபோகிறது.

7

எண்ணற்ற காரணங்கள் சேர்ந்துதான் ஒரு காரியம் நடக்கிறது என்ற டால்ஸ்டாயின் வாதம் நெப்போலியனை இறக்கிவைக்க உதவியது. அதே வாதத்தை இன்னும் கொஞ்சம் இழுத்தால் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடும். நெப்போலியனும் வரலாற்றின் அடிமை, பண்ணையாரும் அடிமை, முதலாளியும் சந்தையின் அடிமை. எல்லோரும் அடிமை என்றால் அசல் அடிமைக்கு என்ன மிச்சம்?

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பவர் அம்பேத்கர். 1943 ஜனவரி 18 அன்று புனேயில் ரானடேயின் 101வது பிறந்தநாள் விழாவில் அவர் ஆற்றிய உரை இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது: வரலாற்றை உண்டாக்குவது மனிதனா, மனிதனுக்கு அப்பாற்பட்ட சக்திகளா? சக்திகள் உண்டு, மறுக்க முடியாது, ஆனால் மனிதன் ஒன்றுமே இல்லை என்பது தவறு என்கிறார். அவர் காட்டுகிற உவமை சக்கிமுக்கிக் கல். கல் இருந்தால் மட்டும் நெருப்பு வராது. கல்லோடு கல்லை உரச ஒரு மனிதன் வேண்டும்.

அவருடைய உவமையிலும் உராய்வுதான். ஆனால் அவர் அதை வைத்து மனிதனைக் கணக்குக்குள் கொண்டுவருகிறார். அந்த வழியில் போய் அத்தை சொன்ன பட்டியலை இரண்டாகப் பிரிக்கலாம். வெயில் அடித்தது, மருந்தின் குணம் அப்படி, வானம் பொய்த்தது: இவற்றுக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. நாலு பேர் அறையில் எட்டுப் பேர், எண்ணிக்கைக் கூலி, உள்குத்தகை, தேதி போட்ட ஆர்டர், பார்த்தும் பாராமல் போன ஆய்வு: இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உண்டு, ஒரு முகவரி உண்டு, பெரும்பாலும் ஒரு கையெழுத்தும் உண்டு. காரணம் ஆயிரம் இருக்கலாம். மாற்றியிருக்க முடிந்த காரணம் எது, மாற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்டால் ஆயிரம் பத்தாகக் குறையும். அந்தப் பத்தும் கூம்பின் மேல்பாதியில் இருக்கும்.

நமக்குள்ளும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே உரையில் தனிமனித வழிபாட்டைக் கடுமையாக எச்சரித்தவர் அம்பேத்கர். நாமும் சுவரொட்டியில் தலைவரின் முகத்தைத்தான் பெரிதாகப் போடுகிறோம். ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனை ஆண்டுதோறும் நினைக்கிறோம்; நினைக்க வேண்டும். 2011ல் அதே நினைவு நாளில், அதே பரமக்குடியில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் வரிசையாகச் சொல்வோம்? தலைவர் பெயர் மட்டும் நிற்கிற வரலாறு நம்முடையதாக இருந்தாலும் அது நெப்போலியன் வரலாறுதான்.

துஷினுக்கு ஓர் ஆந்த்ரேய் கிடைத்தார். நேரில் போய்ப் பார்த்தவர், பார்த்ததைத் தளபதி முகத்துக்கு நேரே சொன்னவர். எல்லாத் துஷினுக்கும் ஆந்த்ரேய் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், பேசுகிறவர் இளவரசராக இருப்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. துஷின் தானே வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாவல் யோசிக்கவில்லை. சாட்சியம் எழுதுகிற நம்மைப் போன்ற பத்திரிகைகள் யோசிக்க வேண்டியது அதைத்தான். அறையில் எத்தனை பேர் இருந்தோம், அன்றைக்கு யார் என்ன சொன்னது, எந்தச் சட்டி எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு யார் வந்தது: அத்தை மாதிரி ஆட்கள் இதைத் தேதி போட்டுச் சொல்ல வேண்டும், நாம் எழுதிவைக்க வேண்டும். வெடிப்பதற்கு முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும். வெடித்த பிறகு எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் ஒரு சொல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.